விசில் அடிக்காதீர்கள், நாய் ஓடிக்கொண்டிருக்கிறது

ஊட்டியில் மே மாதக் காலை. அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் புல் இன்னும் ஈரமாக இருக்கிறது. தாவரவியல் பூங்காவில் பூக்களைப் பார்த்து முடித்தவர்களில் ஒரு பகுதியினர் நாய்க் கண்காட்சிக்கு வந்து குவிந்திருக்கிறார்கள். மைதானத்து ஓரம் நெடுக ஷாமியானாக்கள், அவற்றின் அடியில் மடக்கு மேஜைகள். ஒரு மேஜையில் வெள்ளை வெளேரென்று ஒரு மால்டீஸ், சலூன் நாற்காலியில் உட்கார்ந்த பெரிய மனிதரைப் போல அரைக்கண் மூடி உட்கார்ந்திருக்கிறது. பெங்களூர்க்கார அம்மையார் ஒருவர் அதன் முடியைச் சீப்பால் பிரித்துப் பிரித்து வாருகிறார்.

நான் செய்த முதல் தப்பு அங்கேதான். கையில் ஊட்டி வர்க்கி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், நெய்ப்பிசுக்கு இல்லாமல் அதைத் தின்ன முடியாது. மால்டீஸைப் பார்த்ததும் கை தானாகப் போய் அதன் தலையைத் தடவிவிட்டது. அம்மையார் கத்தவில்லை. ஈரத் துணியை எடுத்துக்கொண்டே, "காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தது சார்" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் அவர் ரிங்குக்குள் போகவேண்டும். அதற்குப் பிறகு அந்த ஷாமியானா பக்கம் போக எனக்கு முகமில்லை.

நாய்க் கண்காட்சியைப் பொருட்காட்சி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நேரும் சங்கடம் இது. உள்ளே நடப்பது உண்மையில் பரீட்சை. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த இலக்கணம் ஒன்று இருக்கிறது: உயரம் எவ்வளவு, காது எப்படி, வால் எப்படி, நடை எப்படி என்று. நடுவர் பக்கத்து நாயோடு ஒப்பிடுவதைவிட அந்த இலக்கணத்தோடு ஒப்பிடவே அதிகம் பார்க்கிறார். பல் வரிசையைப் பார்ப்பார், முதுகையும் தோளையும் தடவுவார், ஆண் நாயென்றால் விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்றுகூடத் தொட்டுப் பார்ப்பார். பிறகு நேராக ஓடச் சொல்வார், முக்கோணமாக ஓடச் சொல்வார். எல்லாம் சேர்த்து ஒரு நாய்க்குச் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்காகத்தான் மாதக்கணக்கில் பழக்குகிறார்கள்.

ஆகவே பார்வையாளர் ஒழுக்கம் என்பது பெரும்பாலும் கையையும் வாயையும் அடக்குவதுதான். தொடுவதற்கு முன் கேட்கவேண்டும். அனுமதி கிடைத்தாலும் தலைக்கு மேலிருந்து கையை இறக்கக்கூடாது. தாழ நீட்டி, நாய் முகர்ந்து முடிக்கும்வரை பொறுக்கவேண்டும். வீட்டு நாய்க்கு வேடிக்கை காட்டலாம் என்று, போட்டியில் பெயர் கொடுக்காததைக் கூட்டிவரக்கூடாது. ரிங் கயிற்றில் சாயக்கூடாது. உள்ளே போகக் காத்திருப்பவரிடம் "என்ன விலை?" என்று கேட்பது, மணவறையில் இருப்பவனிடம் சம்பளம் கேட்பது மாதிரி. வெளியே வந்த பிறகு கேளுங்கள். நாய் வளர்ப்பவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதுதான் கஷ்டம். குட்டி வாங்க வந்தவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

கொண்டுவருகிறவர்களுக்கும் சட்டதிட்டம் உண்டு. நாய் அசிங்கம் செய்தால் அள்ளவேண்டியது அவர்கள் வேலை. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே நாயை விட்டுப் போகக்கூடாது. ஊட்டிக் குளிர்தானே என்று நம்பினால், 7,300 அடிக்கு மேல் அடிக்கும் உச்சி வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். நடுவரிடம் நாயின் பெருமை பேசக்கூடாது. நாய் யாருடையது என்பது நடுவருக்குத் தெரியாத மாதிரிதான் ஏற்பாடு. கையில் கட்டிய எண் ஒன்றே அடையாளம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த கண்காட்சியைத்தான் நவீன நாய்க் கண்காட்சிகளுக்கு முதல் என்கிறார்கள். பாயிண்டர், செட்டர் என்று இரண்டே வகை, பரிசு துப்பாக்கி. பாயிண்டர் பிரிவு நடுவரின் நாய் செட்டர் பிரிவில் ஜெயித்தது. செட்டர் பிரிவு நடுவரின் நாய்? பாயிண்டர் பிரிவில் ஜெயித்தது. 1873இல் அங்கே கென்னல் கிளப் பிறந்து விதிகள் வகுக்கப்பட்டன. குள்ளநரி வேட்டைக்கென்று வெள்ளைக்காரர்கள் நாய்க்கூட்டம் வளர்த்த உதகமண்டலத்துக்கு அந்தப் பழக்கமும் வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. இன்று இந்தியா முழுவதும் நாய்களுக்கு வம்சாவளிப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது.

மதியம் இந்திய இனங்களின் முறை. பழுப்பு நிறச் சிப்பிப்பாறை ஒன்றுடன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் நிற்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் எண். லாப்ரடாரைக் கண்டு உருகிய கூட்டம் இப்போது சிரிக்கிறது. "சோறே போடறதில்ல போல" என்கிறது ஒரு குரல். "எங்க தெருவுல இதுமாதிரி நாலு திரியுது" என்கிறது இன்னொன்று. ஓடி முயல் பிடிப்பதற்கென்றே வார்த்தெடுத்த உடம்பு அது. விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் அழகு. 2005இல் இந்திய அஞ்சல்துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சொந்தக்காரருக்கும் தமிழ் தெரியும்.

நடுவர் ஆங்கிலத்தில் சொன்னதை உதவியாளர் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்ல, அவர் தலையாட்டிவிட்டு ஓடத் தொடங்கினார். நாய் காற்றில் மிதப்பது போல வந்தது. சிரித்தவர்களே வாயடைத்துப் போனார்கள். அந்தச் சமயத்தில் என் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு விசில்.

அடித்தது என் அக்கா மகன். வயது பதினான்கு. கேலியாக அல்ல, சந்தோஷத்தில்.

நாய் சடாரென்று திரும்பிற்று. வார் இழுபட, மனிதர் தடுமாறினார். மறுபடியும் ஓடச் சொன்னார் நடுவர். ஆனால் அதன் கண் முழுக்க எங்கள் பக்கமே இருந்தது, நடை வரவில்லை. மூன்று நாய்களில் மூன்றாவது இடம்.

"மாமா, நான் வேணும்னு செய்யல" என்றான் பையன். என்னிடம் சொல்லி என்ன பயன்? அழைத்துக்கொண்டு போனேன். வேன் நிழலில் நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார் அவர்.

"ஸாரி அண்ணாச்சி, நாந்தான் விசிலடிச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அதுமேல தப்பில்ல தம்பி. காட்டுல விசிலடிச்சா வந்துரணும்னு நாந்தான பழக்கியிருக்கேன். யாரு அடிச்சாலும் அதுக்கு நான் கூப்பிட்ட மாதிரிதான்."

பையன் குனிந்து, கையைத் தாழ நீட்டிக் காத்திருந்தான். நாய் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்து முகர்ந்தது.

அடுத்த கண்காட்சிக்கு வருவீர்களா என்று கேட்டேன். மூன்றாம் இடத்து ரிப்பனை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், வேன் டிரைவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாடகை நாங்க ரெண்டு பேரு சேந்து குடுத்தோம் சார். இன்னொருத்தரு நாய் ஜெயிச்சிருக்கு. அவரு வந்தா நானும் வருவேன்."