கலயம் கழுவிய கதை

மதுவை ஒரு துளியும் நாவில் இடாதவன், மது நொதிக்கும் கலங்களைத் துலக்கும் முறை பற்றிக் கட்டுரை எழுத முன்வந்தால் நண்பர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். கள்ளுக் கலயம் சுமந்தவர் ஈட்டிய கூலியில் வாங்கிய சிலேட்டில்தான் நான் அகரம் எழுதப் பழகினேன். அந்தக் கடனைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதும்படி செய்தவன் மெல்போர்ன் நகரில் வாழும் என் தம்பி மகன்.

சென்ற ஆண்டு அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். வேதியியல் படித்தவன். ஓய்வு நாள்களில் வீட்டின் பின்கட்டில் தனக்கென்று பீர் காய்ச்சுகிறான். அந்நாட்டில் அதற்குத் தடையில்லை. ஒரு சனிக்கிழமை காலை, வாற்கோதுமைக் கூழைக் காய்ச்சத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு மணி நேரம் கலங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். "காய்ச்சுவது சிறிது, கழுவுவது பெரிது, பெரியப்பா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒலி அது: நாரைக் கொண்டு பானையின் உள்வயிற்றைத் தேய்க்கும் ஒலி.

என் தந்தையார் தென்னை மரமேறிக் கள்ளிறக்கியவர். கோல சிலாங்கூருக்குத் தெற்கே, ஜெரத்தை நோக்கிச் செல்லும் கரையோரத்தில் தென்னந்தோட்டங்கள் இருந்தன. உள்நாட்டுப் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் (அவ்வூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது) பால்மரக் காடுகள். எங்கள் தோட்டத்தில் இரண்டும் உண்டு. மரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் மெலாவாத்திக் குன்றின் மீதுள்ள கலங்கரை விளக்கம் தெரியும் என்று அப்பா சொல்வார். நான் ஏறிப் பார்த்ததில்லை, என்னை ஏறவிடவில்லை. "எழுதுற கை, நாரு கட்டுற கையா ஆயிடக் கூடாது" என்பது அவர் கூற்று.

கள்ளிறக்குவதை மரமேறும் வீரமாக மட்டுமே பலரும் எண்ணுகிறார்கள். வெடிக்காத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மயிரிழை அளவாகச் சீவிவிட்டால் சாறு சொட்டும். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். அந்தச் சாற்றில் 100க்கு 12 முதல் 18 பங்குவரை சர்க்கரை உண்டு. வெப்ப நாட்டில் அது கலயத்தில் விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் கழிந்தால் கள்; மேலும் சில நாள் கழிந்தால் காடி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் நொதிக்காமல் பதநீராக நிற்கும். ஆகவே ஒரே பாளையிலிருந்து பதநீர் வருமா, கள் வருமா, காடி வருமா என்பதைத் தீர்மானிப்பது மரமன்று, கலயத்தின் உள்வயிறுதான்.

அப்பா கலயம் கழுவும் முறையை இன்றும் மறக்கவில்லை. கள்ளை ஊற்றியவுடனே கழுவிவிட வேண்டும். அடியில் ஒட்டிய கசடு காய்ந்தால் பிறகு எதற்கும் மசியாது. முதலில் குளிர்ந்த நீர், பின் தேங்காய் நார், பின் கொதிநீர். அதன்பின் முளைக்குச்சியின்மீது தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் காயவைப்பார். வாரத்திற்கு ஒருமுறை தேங்காய் மட்டையை மூட்டி, எழும் புகையின்மேல் கலயங்களைக் கவிழ்த்து வைப்பார். சோப்பை அருகில் வரவிடமாட்டார். "சோப்புப் பட்டா கள்ளு சிரிக்காதுடா" என்பார். நுரை எழும்புவதைத்தான் அவர் சிரிப்பு என்றார். சோப்பின் மெல்லிய படலமும் நுரையை அடக்கிவிடும் என்று பீர் வடிப்போர் சொல்லும் விதியும் இதுவே என்பதைத் தம்பி மகனிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1961ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் பேச்சுப்போட்டி நடந்தது. தலைப்பு, கள்ளுண்ணாமை. வள்ளுவர் 93ஆம் அதிகாரம் முழுவதையும் இதற்கென ஒதுக்கியதையும், 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்ததையும், போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்ததையும் ஆசிரியர் எழுதிக் கொடுக்க, நான் உருப்போட்டு முழங்கினேன். முதற்பரிசு கிடைத்தது. கைதட்டல் அடங்கிய பிறகுதான் கூட்டத்தின் கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டை அணிந்து அப்பா நிற்பதைக் கண்டேன். வீடு திரும்பும் வழியில் அவர், "நல்லாப் பேசினே" என்று மட்டும் சொன்னார்.

நான் பேசியது பொய்யன்று. சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடையின் முன் கையேந்தி நின்ற பெண்களை நான் அறிவேன். லயத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அரிசியில்லாத அடுப்பு எரிந்ததையும் அறிவேன். கள்ளைப் பற்றிய என் கருத்து அன்றிருந்ததுதான் இன்றும். ஆயினும் அந்தக் கடையைத் திறந்தவர் என் தந்தையல்லர். அவர் செய்தது தொழில்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. துணையாள் ஒருவர் மரமேற ஒப்புக்கொண்டார். கலயம் கழுவும் வேலை என்னிடம் வந்தது. நாற்பது கலயங்கள். அவ்வேளை தோட்டத்தில் வயிற்றுப்போக்கு பரவியிருந்ததால், கால்வாய்களில் தூவுவதற்கென்று வீடுதோறும் வெளுப்புத்தூள் கொடுத்திருந்தார்கள். கிருமிகளைக் கொல்வது அது என்று சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தேன். அப்பா படுத்திருக்கும்போது அவர் வேலையை அவரைவிடச் சிறப்பாகச் செய்துகாட்ட வேண்டும் என்ற வேட்கை எனக்கு. தூளைத் தண்ணீரில் கரைத்து, கலயங்கள் அனைத்தையும் இரவு முழுதும் அதில் ஊறவைத்தேன். விடியற்காலையில் ஒவ்வொன்றையும் மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். மூக்கை உள்ளே நுழைத்து முகர்ந்தும் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. வெயிலில் உலர்த்தினேன். கலயங்கள் அவ்வளவு வெளுத்து நான் கண்டதில்லை.

மறுநாள் இறக்கிய கள்ளில் மருத்துவமனை வீசியது.

ஆம், அவ்வாறுதான் சொன்னார்கள். "ஆஸ்பத்திரித் தண்ணியா இது?" என்று குடிக்க வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். கடைக்காரர் இரண்டு நாள் கள்ளைச் சாக்கடையில் கொட்டினார். அப்பாவின் கூலியில் அது பிடிக்கப்பட்டது. நான் அழுதுகொண்டே, "நல்லாத்தான் அலசினேன், மூணு தண்ணி விட்டேன்" என்றேன். யாரும் நம்பவில்லை. நன்றாக அலசியிருந்தால் மருந்து வாடை எங்கிருந்து வரும்? எனக்கே விடை தெரியவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. காய்ச்சலோடு எழுந்துவந்து கலயங்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். மண்ணில் ஏறியது இறங்காது என்று அறிந்தவர். லயத்தின் பின்புறம் கொண்டுபோய் நாற்பதையும் உடைத்தார். பிறகு என்னைப் பார்த்து அவர் சொன்ன சொற்கள் இவை: "உனக்குக் கள்ளு பிடிக்கலேன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். பானையைக் கெடுத்திருக்க வேணாம்."

பேச்சுப்போட்டியை அவர் மறந்திருக்கவில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று எண்ணினார். அதன்பின் என்னைக் கலயத்தைத் தொடவிடவில்லை. அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார், என் திருமணத்தை முன்னின்று நடத்தினார், என் பிள்ளைகளைத் தோளில் சுமந்தார். 1987இல் மறைந்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

மெல்போர்னில், பின்கட்டில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, பேச்சுவாக்கில்தான் கேட்டேன்: "வெளுப்புத்தூள் போட்டுக் கழுவலாமே?"

தம்பி மகன் கையை நிறுத்திவிட்டான். "பீர் காய்ச்சுபவர்கள் பலரும் தொடமாட்டார்கள், பெரியப்பா. அதிலுள்ள குளோரின், பீனால் என்னும் வகைப் பொருள்களோடு கூடினால் குளோரோபீனால் உண்டாகும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடும். மருந்து வாடை அடிக்கும். டெட்டாலில் இருப்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்." குழாய்நீரில் கலந்துள்ள சிறிதளவு குளோரினைக்கூட, மெட்டாபைசல்பைட்டு வில்லையைப் போட்டு நீக்கிவிட்டே பயன்படுத்துவதாகவும் சொன்னான்.

"பீனால் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன்.

"தானிய உமியிலிருந்து வரும். சிலவகை நொதியங்களே உண்டாக்கும். புகையில் நிறைய உண்டு."

புகை! வாரந்தோறும் தேங்காய் மட்டைப் புகையைக் குடித்துக் குடித்துக் கறுத்த கலயங்கள் அவை. மண்ணின் நுண்துளைகளில் ஆண்டுக்கணக்கில் ஏறியிருந்த புகைச் சத்தின்மீது நான் ஓர் இரவு முழுதும் குளோரினை ஊறவைத்திருக்கிறேன். இரண்டும் கூடி உண்டான பொருள் மண்ணுக்குள் ஒடுங்கிக்கொண்டது. மேற்பரப்பை அலசிய மூன்று தண்ணீர் அதை எட்டவில்லை. கள்ளோ நாள் முழுதும் கலயத்தில் கிடந்து அதை வெளியே இழுத்திருக்கிறது. தம்பி மகனிடம் கதை முழுவதையும் சொன்னேன். சற்று நேரம் சிந்தித்து, "அப்படித்தான் நடந்திருக்கும். நூறு தண்ணீர் விட்டிருந்தாலும் போயிருக்காது" என்றான். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பிறகு அவன் தன் முறைகளை விளக்கினான். அழுக்கு நீக்குதல் வேறு, கிருமி நீக்குதல் வேறு. அழுக்கின்மீது ஊற்றிய கிருமிநாசினி வீண். முதலில் சோடியம் பெர்கார்பனேட்டு என்னும் தூளை வெந்நீரில் கரைத்துக் கசடைக் களைகிறான். அது நீரில் உயிர்வளியை வெளியிட்டு அழுக்கைக் கழற்றுவது. நன்கு அலசிவிட்டால் மணமொன்றும் மிஞ்சாது. அதன்பின் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ஒரு நுரைமருந்தை இரண்டு நிமிடம் தடவி வடித்துவிடுகிறான். அதை அலசத் தேவையில்லை. அயோடின் கலவையைப் பயன்படுத்துவோரும் உண்டு. பத்து இலட்சத்தில் 12.5 பங்கு என்ற அளவைத் தாண்டாவிட்டால் அதையும் அலச வேண்டியதில்லை. தாண்டினால் சுவை கெடும். பிளாஸ்டிக் கலங்களைச் சொரசொரப்பான நாரால் தேய்க்கக் கூடாது. கீறல் விழுந்தால் கிருமிக்கு அது குகை. காய்ச்சுவதற்குமுன் தொடும் கலத்தைப் பற்றி அவ்வளவு கவலையில்லை, கொதிப்பே கொன்றுவிடும். ஆறிய பிறகு தொடும் ஒவ்வொன்றும், கரண்டியும் குழாயும் மூடியும், தூயதாக இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மூலம் லூயி பாஸ்டர். பீர் கெடுவது கிருமிகளால் என்று அவர் 1876இல் நூல் எழுதி நிறுவினார். 1883இல் டென்மார்க்கில் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் ஒற்றை நொதிய இனத்தைப் பிரித்து வளர்த்தார். அன்றிலிருந்து பீர் வடிப்போன், எல்லா உயிர்களையும் விரட்டிவிட்டு ஒரே ஒரு விருந்தாளியை மட்டும் உள்ளே அழைக்கிறான்.

எங்கள் கள்ளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதை அன்றிரவு படுத்தபடி எண்ணிப் பார்த்தேன். பாளைச்சாற்றைக் கொதிக்கவைப்பதில்லை, நொதியம் வாங்கிச் சேர்ப்பதுமில்லை. காற்றும் பூச்சியும் கொண்டுவருவது போக, முந்திய கள்ளின் நொதியமே கலயத்தின் நுண்துளைகளில் தங்கி அடுத்ததற்கு வித்தாகிறது. கலயத்தை முற்றிலும் தூய்மைப்படுத்திவிட்டால் கள்ளின் குணம் மாறும். கழுவாமல் விட்டாலோ காடிக் கிருமியும் கொழகொழப்பாக்கும் கிருமியும் ஏறும். அப்பாவின் கொதிநீரும் வெயிலும் புகையும் இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற அளவு. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைப் பற்றிச் சங்கப் பாடல்களை 38 ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அந்தக் குழாயை யார் கழுவினார், எதைக் கொண்டு கழுவினார் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை, நானும் எண்ணியதில்லை.

கரையோரத்தில் நான் அறிந்த தென்னைகள் பலவும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. அப்பா கலயம் உடைத்த லயமும் இன்றில்லை. இருந்திருந்தாலும் அங்கே போய் யாரிடம் சொல்வது, மூன்று தண்ணீர் விட்டது மெய்தான் என்று?

புறப்படும் நாளுக்கு முந்திய மாலை, தம்பி மகன் அடுத்த வடிப்புக்குக் கலத்தை ஆயத்தம் செய்தான். நுரைமருந்தை வடித்துவிட்டு, "முகர்ந்து பாருங்கள், பெரியப்பா" என்று நீட்டினான். முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை.

"இன்னும் ஒரு தண்ணீர் விடு" என்றேன்.

"இது அலசத் தேவையில்லாத மருந்து. குழாய்நீரை ஊற்றினால் புதுக்கிருமி அல்லவா சேரும்?"

"கொதித்து ஆறிய நீரென்றால் சேராதே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தான்.