சுவரின் எந்தப் பக்கம்?

"வேதியியல் படிக்கச் சேர்ந்தவளுக்குச் சரித்திரம் எதற்குத் தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே, கல்லூரியிலிருந்து கொணர்ந்த தாளை என் பேத்தி மேசைமீது வைத்தாள்.

கல்லூரி திறந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வகுத்தளித்த திட்டத்தின்படி, மூன்றாண்டுப் பட்டம் பெற 120 பாட அலகுகள் வேண்டும். அவற்றுள் ஒன்பது, மாணவர் தம் துறைக்குப் புறம்பான மூன்று பாடங்களைக் கற்றுப் பெற வேண்டியவை. அவற்றுள் ஒன்றாக அவளுக்கு வாய்த்தது சரித்திரம். கட்டாயம் என்ற சொல்லே அவளுக்குக் கசந்தது.

உண்மையைச் சொன்னால், நானும் மனத்துக்குள் அவள் கட்சியே. பிரெஞ்சு ஆட்சி நம் ஊரைவிட்டு விலகிய 1954ஆம் ஆண்டில் பிறந்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் கணிதம் பயின்றேன். அந்நாளில் நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. புதுவைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1985இல்தான் உருவாயிற்று. பள்ளிப் படிப்போடு அரசர்களுக்கும் போர்களுக்கும் விடைகொடுத்துவிட்டு, எண்களோடு நிம்மதியாக வாழ்ந்தவன் நான். ஆயினும் பெரியவன் என்ற முறையில், "எல்லாரும் படிக்கிறார்கள் அம்மா, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து அரசுக் கல்லூரிகளில் எதைப் படித்தாலும் தம் நாட்டுச் சரித்திரத்தில் ஆறு அலகுகள் படித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது" என்று எதையோ சொல்லித் தேற்றினேன்.

பாடத்தின் நடுவே ஒரு கட்டுரைப் பணி வந்தது. நம் ஊரைப் பற்றிய பழைய மூல ஆவணம் ஒன்றை வாசித்து எழுத வேண்டும். அவள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தேர்ந்துகொண்டாள். தமிழில் இருக்கிறது என்பதே அவள் சொன்ன காரணம். 1827இல் தொடங்கப்பெற்று, இன்று ரோமன் ரோலந்து பெயரைத் தாங்கி நிற்கும் நம் பொது நூலகத்துக்கு அவளுடன் துணையாகச் சென்றேன்.

1736 முதல் 1761 வரை, இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு வணிகர் தம் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். கப்பல் வந்த செய்தி, துணி விலை, ஆளுநர் துய்ப்ளேயின் கோபம், ஊர் வம்பு யாவும் அந்நாளையப் பேச்சுத் தமிழிலேயே உள்ளன. முதலில் சிரித்துக்கொண்டே வாசித்தவள், 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

நாம் சம்பா கோவில் என்று அன்போடு அழைக்கும் நம் பேராலயத்தைப் பற்றிய செய்தி அது. அந்நாளையக் கோவிலினுள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் சாதிக் கிறிஸ்தவர்கள். மறுபுறம் தாழ்த்தப்பட்ட மக்கள். காரைக்காலிலிருந்து வந்த சுவாமியார் ஒருவர் அது முறையன்று என்று அம்மக்களிடம் எடுத்துரைத்தார். அவர்கள் திரண்டு சென்று பெரிய சுவாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அதன்பின் சாதிக் கிறிஸ்தவர்கள் வெகுண்டெழுந்தார்கள். வழக்கு ஆளுநர் வரை சென்றது.

அன்றைய கட்டடம் இன்றில்லை. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோது அதுவும் அழிந்தது; நாம் இன்று காணும் கோவில் 1791இல் கட்டி முடிக்கப்பெற்றது. 'சம்பா' என்ற பெயரே 'சான் பவுலோ', அதாவது புனித சின்னப்பர் என்பதன் மரூஉ என்பர். மக்களைப் பிரித்து நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார் என்று எபேசியருக்கு எழுதியவர் அந்தச் சின்னப்பரேயன்றோ! அவர் பெயரால் அமைந்த கோவிலுக்குள்ளேயே ஒரு நடுச்சுவர்!

எனக்குச் சினம் வந்தது. "அந்தப் பிள்ளை வைணவர், தலைமைத் துபாஷி பதவிக்குக் கிறிஸ்தவர்களோடு போட்டியிட்டவர். நம்மவரைப் பற்றி நல்லதாகவா எழுதுவார்?" என்றேன்.

அவள் நிதானமாக விடையளித்தாள். "அதைத்தான் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள் தாத்தா. எழுதியவர் யார், அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று பார்க்க வேண்டுமாம். ஆனால் இவர் தமக்காக எழுதிக்கொண்ட குறிப்பு இது. மேலும், சுவர் இருந்ததை வியப்பாகவே அவர் எழுதவில்லை. சுவரை இடித்ததைத்தான் செய்தியாக எழுதுகிறார்."

நான் வாயடைத்துப் போனேன். மூன்று பாட அலகுக்காக வேண்டாவெறுப்பாகச் சேர்ந்த பெண், ஒரு சான்றை எடைபோடக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதே நாட்குறிப்பில், 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதையும், அதில் நம் குருமார் கொண்டிருந்த ஆர்வத்தையும் அவள் வாசித்துக் காட்டினாள். அதற்கும் என்னிடம் மறுமொழி இல்லை.

வீடு திரும்பும் வழியில் மிஷன் வீதியில், பேராலயத்தின் எதிரே நின்றுகொண்டு அவள் கேட்டாள்:

"தாத்தா, நம் குடும்பம் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம்?"

அன்பர்களே, அக்கேள்விக்கு எனக்கு விடை தெரியும். என் தந்தையாரின் ஊர்க் கோவிலில் சுவர் இல்லை. ஆனால் ஒரு பக்கம் எங்களுக்கு, மறுபக்கம் அவர்களுக்கு என்று சொல்லாமலே வகுக்கப்பட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் அவ்வாறே. பீடத்துக்கு அருகில் எங்களுக்கு இடம் இருந்ததைப் பெருமையாகவே சொல்லி வளர்ந்தவன் நான். "உயர்ந்த பக்கம், அம்மா" என்று சொல்ல நா எழவில்லை. "தெரியவில்லை" என்று பொய் சொல்லவும் கோவில் வாசலில் மனம் வரவில்லை. "இடித்தவர்கள் பக்கம் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டு வீதியைக் கடந்தாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணம் பழைய சுவர் அன்று. என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருந்தது. அவள் அண்ணனுக்குப் பெண் தேடி, இதழ்களின் மணமக்கள் பகுதிக்கு அனுப்ப நானே எழுதிய விளம்பரம் அது. 'கத்தோலிக்க' என்ற சொல்லுக்கு அடுத்த சொல் எங்கள் சாதியின் பெயர். பையனின் படிப்பும் குணமும் அதற்குப் பின்னரே வந்தன. 1745இல் இடிந்த சுவரை என் கையெழுத்தில் நானே மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது முதற்படி ஆத்தும சோதனை என்று ஞானோபதேச வகுப்பில் நம் எல்லோருக்கும் கற்பித்தார்கள். நினைவுகூராத பாவத்துக்கு மனஸ்தாபம் எங்ஙனம் வரும்? தனி மனிதனுக்கு ஆத்தும சோதனை எதுவோ, ஊருக்கும் திருச்சபைக்கும் சரித்திரம் அதுவே என்பது எழுபது வயதுக்குமேல் எனக்கு விளங்கிற்று. ஆத்தும சோதனைக்கு ஆசையோடு போகிறவர் எவருமில்லை. ஆகையால்தான் அதைக் கட்டாயமாக்குகிறார்கள் போலும்!

திருச்சபை இதற்கு அஞ்சவில்லை என்பது எனக்கு ஆறுதல். பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1881இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிட்டார். இரண்டாம் அருள் சின்னப்பர் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், புனித இராயப்பர் பேராலயத்தில், திருச்சபை மக்கள் கடந்த நூற்றாண்டுகளில் செய்த குற்றங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். பாப்பரசருக்குக் குறைவாகாத செயல் எனக்குக் குறைவாகுமா?

மறுநாள் காலை அத்தாளை எடுத்து, அந்த ஒரு சொல்லை அடித்தேன். வீட்டில் அனைவரும் மகிழ்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது சரித்திரமாகாது. என் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊர் என்ன சொல்லும்?" என்று மகன் கேட்கிறான். விளம்பரம் இன்னும் இழுப்பறையிலேயே இருக்கிறது. ஆனால் அடித்த சொல்லை நான் திரும்ப எழுதவில்லை.

பேத்தி கட்டுரையை முடித்து ஒப்படைத்துவிட்டாள். அவளுக்குரிய மூன்று அலகுகள் வந்து சேரும். தாத்தாவின் பாடம் இன்னும் முடியவில்லை.