கமோர்ட்டாவுக்குத் தெற்கே

போர்ட் பிளேர் ஹேடோ துறையில் கப்பல் சங்கு ஊதியதும் எல்லோரும் பங்க் வகுப்பில் இடம் பிடிக்க ஓடுவார்கள். நான் மேல்தளத்துக்கு. ஹேவ்லாக் போகும் வேகப் படகுகளில் கண்ணாடியும் ஏசியும்தான். ஓங்கில் (டால்பின்) துள்ளினாலும் தெரியாது. நிக்கோபார் கப்பல் மாட்டு வண்டி. கடல் பார்க்க அதுதான் சரி.

பத்துப் பாகைக் கால்வாய் இருட்டில் போய்விடும். கார் நிக்கோபாரில் மூட்டை இறக்குவார்கள், ஏற்றுவார்கள்.

கமோர்ட்டா தாண்டினால் என் கடல். நான் பிறந்தது கச்சாலில். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களில் சிலரை ரப்பர் பால் வெட்ட இங்கே குடியேற்றினார்கள். அப்பாயிக்குத் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் ஒரு கப்பல், மதராஸிலிருந்து போர்ட் பிளேர் ஒரு கப்பல், இது மூன்றாவது.

எட்டு வயதில் அவளோடு வந்தேன். தளத்தில் ஒரு நிக்கோபாரிக் குடும்பம் விருந்துக்குப் பன்றிகளைக் கூண்டில் கொண்டுபோனது. திடீரென்று முகப்பில் கூச்சல். ஓங்கில் கூட்டம், கப்பல் முன்தள்ளும் நீரில் வாலை அசைக்காமலே சவாரி. சில எம்பி, பம்பரமாய்ச் சுழன்று விழுந்தன. “ஏ தம்பி, கடப்பன்னி பாரு, கடப்பன்னி!” என்றாள் அப்பாயி. கூண்டுக்காரருக்கு ‘பன்னி’ மட்டும் புரிந்திருக்க வேண்டும். பதறி எழுந்து கூண்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். விஷயம் விளங்கியபின் கரை வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அந்தக் கூண்டுக்காரர் வீட்டில் யாரும் இல்லை.

சோம்பிரேரோ கால்வாயில் ஒருமுறை ஸ்பெர்ம் திமிங்கலம். மூச்சை இடப்பக்கம் சாய்த்து ஊதும். தூரத்திலேயே அடையாளம் தெரியும். கப்பல்காரர் ஒருவரிடம் சொன்னேன். “அது வரும் போகும்” என்றார். கப்பலில் அதை எழுதிவைக்க ஒரு நோட்டு இல்லை.

கேம்பல் பேயோடு நம் கப்பல் முடிகிறது. அதற்கும் தெற்கே கலத்தியா விரிகுடாவில் பெட்டகத் துறைமுகம் வரப்போகிறது; 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாயிற்று. கடல் உயிர்கள் என்றால் வாதம் பெரும்பாலும் ஏழுவரி ஆமையைப் பற்றி. நியாயம்தான், ஆனால் ஆமை கரையேறி மணலில் தடம் விடும். திமிங்கலம் விடாது. இலங்கையின் தென்முனையில் நீலத் திமிங்கலங்கள் கப்பல் மோதிச் செத்ததை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். அதனால்தான் 2022இல் எம்.எஸ்.சி. சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டியது. இங்கே எதைக் காட்டிக் கேட்பது?

போன மார்ச்சில் நாற்பது பக்க நோட்டோடு மேல்தளத்தில் உட்கார்ந்தேன். ‘கச்சால், காலை, ஓங்கில் 30’ என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற பையன் எட்டிப் பார்த்து, “முப்பத்தி நாலு, அண்ணா” என்றான்.