கட்டாயமும் கோரிக்கையும்

ஜார்க்கண்டின் வனப்பகுதிக் கிராமம் ஒன்றை வரைபடத்தில் காண்போர் அதனை ஒரே ஊரென்று கருதிவிடுவர். உண்மையில் அது பல டோலாக்களின் தொகுப்பு. ஒரு டோலா சாலையோரத்தில் இருக்கும். மற்றொன்று ஓடைக்கு அப்பால். இன்னொன்று குன்றின் மறுபுறம். ஊராட்சிக் கட்டடம் பெரும்பாலும் சாலையை ஒட்டியே அமைகிறது. இந்த நில அமைப்பை மறந்துவிட்டு ஊரக அகலக்கற்றை பற்றிய எந்தக் கணக்கையும் படிக்க இயலாது.

2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற தேசிய ஒளியிழை வலையமைப்பு, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்கு. பொதுத்துறை நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒளியிழையைப் பயன்படுத்திக்கொண்டு, எஞ்சிய தொலைவுக்கு மட்டும் ஊராட்சி வரை புதிய இழை பதிக்கத் திட்டமிடப்பட்டது. 2017ஆம் ஆண்டு இறுதியில் முதற்கட்டமாக 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் 'சேவைக்குத் தயார்' என்ற கணக்கில் சேர்ந்தன. கட்டடம் வரை இழை வந்து கருவியும் பொருத்தப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். அக்கருவிக்கு நாள்தோறும் மின்சாரம் கிடைக்கிறதா, இழை அறுந்தால் சீர்செய்ய ஆள் உண்டா, குன்றின் மறுபுறத்தில் ஒரு கைப்பேசியேனும் அதனால் பயன்பெற்றதா என்ற வினாக்களுக்கு அதில் விடையில்லை.

இதற்கிடையே இணையம் வேறொரு வழியில் அந்த டோலாக்களுக்குள் நுழைந்தது. வசதியாக வருவதற்கு முன்பே அது நிபந்தனையாக வந்துவிட்டது. நியாயவிலைக் கடைகளில் ஆதார் விரல்ரேகைச் சரிபார்ப்பு புகுத்தப்பட்டபோது, விற்பனைக் கருவி, விரல்ரேகை, இணைய இணைப்பு, தொலைவிலுள்ள சர்வர், கைப்பேசி வலையமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் இயங்கியாக வேண்டும் என்பதைப் பொருளியலாளர் ழான் திரேஸ் 2016இல் சுட்டிக்காட்டினார். அவற்றுள் ஒன்று பிசகினாலும் அம்முறை அரிசி கிடைக்காமற் போகலாம்.

2023 ஜனவரி 1 முதல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் செயலி வழியான வருகைப்பதிவு கட்டாயமாயிற்று. தொழிலாளர்களை நாளொன்றுக்கு இருமுறை படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். படமெடுக்கச் சிக்னல் தேவையில்லை, பதிவேற்றத் தேவை. ஆகவே 'மேட்' எனப்படும் பணியிடப் பொறுப்பாளர், கைப்பேசியை ஏந்திக்கொண்டு சிக்னல் கிட்டும் மேட்டை நாடி நடக்கவேண்டியதாயிற்று. பதிவேறாத படம், வேலைக்கு வராத ஆளாகவே கணக்கில் நிற்கும். வெட்டிய மண் கரையில் குவிந்து கிடக்கும். வெட்டியவருக்குக் கூலி இராது. அவ்வாண்டு தில்லி ஜந்தர் மந்தரில் திரண்ட தொழிலாளர்களின் கோரிக்கைகளுள் இச்செயலியைக் கைவிடுவதும் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை.

அதே 2023 ஆகஸ்டில், திருத்தியமைக்கப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒப்புதலாயிற்று. அதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஓரிடத்தில் இழை அறுந்தாலும் இணைப்பு முற்றிலும் அற்றுப்போகாத வளைய அமைப்பு அதில் உண்டு. பத்தாண்டுப் பராமரிப்புக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. ஆயினும் ஊராட்சித் தலைமையிடமல்லாத ஏறத்தாழ 3.8 லட்சம் கிராமங்களுக்கு இணைப்பு 'கோரிக்கையின் அடிப்படையில்' வழங்கப்படும் என்கிறது அத்திட்டம்.

முரண் இங்கேதான் உள்ளது. விரல்ரேகையும் படமும் கோரிக்கையின் அடிப்படையில் வரவில்லை, ஆணையாக வந்தன. தொழிலாளிக்குக் கட்டாயமான இணையம் அரசுக்கு மட்டும் விருப்பத்துக்குரியதாக இருக்கிறது. கோரிக்கை எழுப்பவேண்டியவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஊரகப் பெண்களுள் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 24.6 விழுக்காட்டினர் மட்டுமே. கண்டறியாத ஒன்றை அவர்கள் எந்தப் படிவத்தில், எந்த அலுவலகத்தில் கேட்பார்கள்? கேட்டுப் பெற்றாலும் மாதக் கட்டணத்தைத் தவறிப்போன அதே கூலியிலிருந்துதானே செலுத்த வேண்டும்?

ஆகவே அகலக்கற்றையின் வளர்ச்சியை ஊராட்சிக் கணக்கில் அளப்பதை விடுத்து டோலாக் கணக்கில் அளக்க வேண்டும். இணைப்பு சென்றுசேராத டோலாவில் காகித வருகைப்பதிவேட்டுக்கும் கடையின் கைப்பதிவுக்கும் செயலிக்குரிய அதே மதிப்பு வேண்டும். இழை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை, மேட்டின் மீது சிக்னல் கிடைக்கவில்லை என்பதற்காகக் கீழே குளம் வெட்டியவரின் ஒரு நாள் உழைப்பு இல்லாமற் போகக் கூடாது.