டிரம்ஸைச் செய்த கைகள்

பிரிட்டனின் பிரீமியர் டிரம்ஸ் மீது பழைய ராக் ரசிகர்களுக்கு இன்னும் ஏக்கம் தீரவில்லை. 1922இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி. 1940 குண்டுவீச்சில் இடம் அழிந்து, லெஸ்டர் பக்கம் போனது. விக்ஸ்டனில் பல பத்தாண்டுகள் ஓடிய தொழிற்சாலை இன்று இல்லை.

‘தி ஹூ’ குழுவின் கீத் மூன் அடித்தது பிரீமியர்தான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மரத்தகட்டை வளைத்து ஒட்டியவர், விளிம்பை மட்டமாக்கியவர், குரோம் பூசியவர் பெயர்களை அந்த நினைவுகளில் நான் அரிதாகவே பார்க்கிறேன். தொழிற்சாலை மூடியபோது வேலை இழந்தவர்கள் அவர்கள்தான்.

பறையின் ஓசையை மேடையேற்றி, அதை அடித்தவரைச் சேரியிலேயே நிறுத்திய சமூகத்திலிருந்து பார்ப்பதால் இது எனக்கு உறுத்துகிறது.

தோழர்களே, ஒரு கருவியைக் கொண்டாடும்போது அதைச் செய்தவர் யார், அவருக்கு என்ன கூலி என்றும் கேளுங்கள்.