உப்பளம் சொல்லித் தரும் கடைக்கணக்கு

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே வந்தால் நாவலூர், சிறுசேரி, படூர் தாண்டியதும் கேளம்பாக்கம். இங்கிருந்து மேற்கே மாம்பாக்கம் வழியாக வண்டலூருக்கும், கிழக்கே கோவளத்துக்கும், தெற்கே திருப்போரூருக்கும் சாலைகள் பிரிகின்றன. மளிகைக் கடை, டீக்கடை, மெஸ், மருந்துக் கடை என்று சாலையோரம் முழுக்கச் சிறு வியாபாரம்தான். ஐ.டி. ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் வந்துபோவதால் காலை முதல் இரவு வரை கூட்டம் குறைவதில்லை.

கோவளம் சாலையில் திரும்பினால் காட்சியே மாறிவிடுகிறது. இருபுறமும் கழிமுகத் தண்ணீர், பாத்தி பாத்தியாக உப்பளங்கள். குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கவே பலர் இங்கே வண்டியை நிறுத்துவார்கள்.

உப்பளக்காரர்களுக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உற்பத்தி நின்றுவிடும். அதனால் வெயில் நாட்களில் வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிடுவார்கள். மழைக்கால விற்பனைக்கு அதுதான் கையிருப்பு. ‘மழை வருமா?’ என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. வரும் என்று வைத்துத்தான் கணக்கே போடுகிறார்கள்.

கடைக்காரர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஆனால், சரக்கு வரத்து தடைபடுவது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வடிவில் நடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. 2016 நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம் வந்தது. அடுத்த மாதம் 12-ம் தேதி வர்தா புயல். கையில் ரொக்கம் இல்லாத நேரத்தில் மின்சாரமும் சிக்னலும் போனதால் கார்டு தேய்க்கவும் வழியில்லை. 2020 மே 5-ல் கொரோனா காரணமாக கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. அது திரும்பி வர செப்டம்பர் இறுதி ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பால் பாக்கெட்டுக்காக சென்னை மக்கள் வரிசையில் நின்றார்கள்.

ஒரு முறை சாலை, ஒரு முறை பணம், ஒரு முறை சந்தை, ஒரு முறை பால். ஒரே வழியை நம்பியிருந்தவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

இந்தக் கடலோரத்துக்கு ஒரு காலத்தில் இரண்டாவது வழி இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. 1965, 1966-ம் ஆண்டுப் புயல்களில் கால்வாய் சேதமடைந்தது. படகுப் போக்குவரத்து மெல்ல மெல்ல மறைந்தது. இப்போது எல்லாம் லாரியை நம்பித்தான். எனவே இரண்டாவது வழியைக் கடைக்காரரே தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. முதலில், எந்தப் பொருள் இல்லாவிட்டால் அன்றைக்குக் கடையே திறக்க முடியாது என்று பட்டியல் போட வேண்டும். மெஸ்ஸுக்கு அரிசி, எண்ணெய், கேஸ். டீக்கடைக்குப் பால், டீத்தூள், சர்க்கரை. பிறகு, தடை வந்தால் அது வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, தினம் 15 கிலோ அரிசி போடும் மெஸ்ஸுக்கு மழைக்காலத்தில் 6 நாள் தாமதம் என்று வைத்தால் 90 கிலோ தேவை. 26 கிலோ மூட்டைகள் நான்கு இருந்தால் கவலையில்லை.

எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பதும் ஆபத்துதான். பணம் முடங்கும், சரக்கு கெடும். பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். மூட்டைகள் தரையில் இல்லாமல் பலகை மேல் இருக்க வேண்டும். பால், காய்கறியைச் சேர்த்து வைக்க முடியாது. அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பால் பவுடர் கொஞ்சம் இருக்கலாம். சென்னைப் பக்கமிருந்து ஒருவர் சரக்கு தந்தால், திருப்போரூர் அல்லது செங்கல்பட்டுப் பக்கமிருந்து இன்னொருவர் இருப்பது நல்லது. அவரிடம் மழை இல்லாத நாளிலும் கொஞ்சம் வாங்கி வர வேண்டும். அவசரத்தில் மட்டும் போன் செய்பவருக்கு எந்த வியாபாரியும் முதலில் சரக்கு அனுப்ப மாட்டார்.

போன் நம்பர்கள் ஒரு நோட்டிலும் எழுதியிருக்கட்டும். சில நாள் செலவுக்கான ரொக்கம் தனியாக இருக்கட்டும். இவ்வளவையும் செப்டம்பருக்குள் முடித்துவிட்டால் நல்லது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு எல்லோரும் ஒரே மொத்தக் கடை வாசலில்தான் நிற்பார்கள்.

தட்டுப்பாட்டு நாளில் வழக்கமான விலைக்கே பால் கொடுத்த கடையை ஊர் மறப்பதில்லை. இரு மடங்கு விலை வைத்த கடையையும் மறப்பதில்லை. மழை விட்ட பிறகு மக்கள் எந்தக் கடைக்குப் போவார்கள் என்பது அந்தச் சில நாட்களிலேயே முடிவாகிவிடும்.