அடியில் ஓட்டை உள்ள உறை

கிளாஸ்கோவில் நவம்பர் பிறந்துவிட்டால், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கூடுமிடத்தில் பாதத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும். மிதிக்க மிதிக்கத் தொடை சூடாகும். பாதமோ இறுக்கிக் கட்டிய ஷூவுக்குள் அசையாமல் கிடந்து, எதிர்க்காற்றையும் முன்சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் ஷூவுக்கு மேல் மாட்டும் உறைகள். ஆனால் மழைக்கென்றே விற்கும் உறையைத் திருப்பிப் பார்த்தால், பெடலில் பூட்டும் கிளீட்டுக்காக அடியில் பெரிய ஓட்டை. ஓட்டை உள்ள ஒன்றை மழைக்கு மாட்டலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சைக்கிள் பந்தய வரலாற்றைத்தான் முதலில் புரட்டினேன். 1980இல் பெல்ஜியத்தின் லீயேஜ்–பாஸ்டோன்–லீயேஜ் பந்தயத்தைக் கொட்டும் பனியில் வென்றார் பெர்னார் இனோ. அன்றைய குளிரின் பாதிப்பு அவருடைய விரல்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் காவியா கணவாயைப் பனிப்புயலில் கடந்தார் ஆண்டி ஹாம்ப்ஸ்டன். அவருடைய அணியினர் பனிச்சறுக்குக் கடையில் சூடான உடுப்புகளை வாங்கி வைத்திருந்தார்கள்; அவர் கையில் இருந்தது நியோபிரீன் கையுறை. அந்த ஆண்டின் இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியா பட்டத்தையும் அவரே வென்றார். மழைக்கான ஷூ உறைகள் பலவும் அதே நியோபிரீன்தான் என்பதால், தேடல் மலையிலிருந்து கடலுக்குத் திரும்பியது.

1930இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு கண்டுபிடித்த செயற்கை ரப்பர் அது. அதை உடலைச் சூடாக வைக்கும் உடையாக மாற்றியவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். 1950களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்போருக்காக இதை யோசித்தார். அதுவரை எல்லோரும் உடலை நனையாமல் வைக்கப் பாடுபட்டார்கள். உடம்பு நனைந்தால் நனையட்டும், உடையின் நுரைக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள் வெப்பத்தைக் காக்கும் என்றார் பிராட்னர். உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீர் உடல்சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். எவ்வளவு துணிச்சலான எண்ணம்! அவர் அதற்குக் காப்புரிமை பெறவும் இல்லை, அதில் பணம் பார்க்கவும் இல்லை. 2008இல் மறைந்த அந்த மனிதருக்கு, மழையில் மிதிக்கும் ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஓட்டைக்கான விடை இதுதான். நியோபிரீன் உறை நனையாமல் காப்பதற்காகப் பிறந்ததல்ல. ஆகவே அதை வாங்கும்போது பார்க்க வேண்டியது நுரையின் தடிமனையும் பொருத்தத்தையும். தொளதொளவென்று இருந்தால் புதுத்தண்ணீர் புகுந்து சூட்டை அலசிக்கொண்டு போய்விடும். அதற்காகப் பாதத்தையே நெரிக்கும் அளவுக்கு இறுக்கமும் கூடாது. ரத்தம் ஓடாத விரலை எந்த நுரையும் சூடாக்காது.

இன்னொரு வம்சமும் உண்டு. 1969இல் பாப் கோர் இழுத்து விரித்த பிளாஸ்டிக்கிலிருந்து வந்த கோர்டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வு உறைகள். இவை வெளித்தண்ணீரை நிறுத்தி வியர்வை ஆவியை விடும். தூறலுக்கும் இளங்குளிருக்கும் நல்லவை; கடுங்குளிரில் தனியே போதாது.

எந்த உறையானாலும், கால்சட்டையின் விளிம்பை அதன் வாய்க்கு மேலே இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் காலில் வழியும் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். மட்கார்டு இல்லாத சைக்கிள் என்றால் முதலில் அதை மாட்டுங்கள். மணிக்கணக்கில் குளிர்மழையில் மிதிப்பவர்களுக்கு என் தேர்வு, கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் தடித்த நியோபிரீன்தான்.